ஆளில்லாமல் வந்த தட்டு

ஜவ்வாது மலை அடிவாரத்தில், கடலைக்கொடியும் கல்லும் சரிக்குச் சரியாக விளைகிற சின்னமலைப்பட்டில், ஊர்க்காரர்கள் கண்மூடிக் கொட்டாய் என்று கேலியாகவும் வெளியூர்க்காரர்கள் போதி வனம் என்று பயபக்தியாகவும் சொல்கிற புத்த தியான நிலையத்தில், பத்து நாள் முகாமின் ஏழாம் நாள் மதியம், சாப்பாட்டு வரிசையில் ஒரு எவர்சில்வர் தட்டு ஆளில்லாமல் வந்து நின்றது. முன்னால் நின்றவர் சோறு வாங்கிக்கொண்டு நகர்ந்ததும் அதுவும் ஒரு அடி முன்னால் வந்தது, அது வந்த பிறகுதான் பின்னால் நின்றவர் தானும் ஒரு அடி எடுத்து வைத்தார். நெஞ்சு உயரத்தில், யாரோ இரண்டு கையாலும் பிடித்திருப்பதுபோல, லேசாக இடப்பக்கம் சாய்ந்து, தட்டு தன் முறைக்குக் காத்திருந்தது.

வரிசையில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அலட்டிக்கொள்ள அங்கே அனுமதியும் கிடையாது. முகாம் நாட்களில் தியானத்துக்கு வந்தவர்கள் பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. பரிமாறுகிற சேவகர்களுக்கும் அதே சட்டம்தான், தட்டைப் பார், முகத்தைப் பார்க்காதே. முகத்தைப் பார்த்தால் சிரிக்கத் தோன்றும், சிரித்தால் பேசத் தோன்றும், பேசினால் பாடுபட்டுச் சேர்த்த அமைதி மோரில் விழுந்த உப்பாகக் கரைந்து போகும் என்று நிலையத்தில் நம்பினார்கள். அதனால் பக்கத்தில் நிற்பவருக்கு உடம்பு இருக்கிறதா இல்லையா என்பது அங்கே யாருக்கும் தெரிய வேண்டிய விஷயமாக இல்லை.

அன்று அன்னக்கரண்டி பச்சையம்மாளின் கையில் இருந்தது. இரண்டு வருஷமாக அவள் கையில்தான் இருந்தது, அந்த இரண்டு வருஷத்தில் அவள் ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மற்ற சேவகர்கள் ஓரக்கண்ணால் ஒரு நோட்டம் விட்டுவிடுவார்கள், இது மாப்பிள்ளை முறுக்கு, அது புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தது என்று பாத்திரம் கழுவும்போது கிசுகிசுத்துக்கொள்வார்கள். அவளோ கழுத்து வலித்தாலும் குனிந்தே நிற்பாள். அப்படிப்பட்டவள் அன்றைக்குத் தலையை நிமிர்த்திவிட்டாள். நிமிர்த்திப் பார்த்தால், முகம் இருக்க வேண்டிய இடத்தில், எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த புத்தர் படமும் அதன் சட்டத்தில் ஊர்ந்த பல்லியும்தான் தெரிந்தன.

சமையலுக்குப் பொறுப்பான எத்திராஜ், கல்யாண வீடுகளில் ஆயிரம் இலைக்குப் பொங்கிப் போட்டு அலுத்து இங்கே சேவைக்கு வந்தவர், சாம்பார் வாளியோடு எட்டிப் பார்த்தார். தட்டைப் பார்த்தார், தட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்தார், பிறகு இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று வரிசையைப் பார்த்தார்.

“ஆளு தெரியலன்னா வயிறு இல்லாம பூடுமா? சோத்தப் போடும்மா, பின்னாடி நிக்கறவங்க காத்துக்கினு கீறாங்க.”

போட்டாள். தட்டின் விளிம்பில் டக் டக் என்று நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிய சத்தம் கேட்டது. பச்சையம்மாளின் கரண்டி நழுவி அண்டாவுக்குள் விழுந்தது.

அந்தச் சத்தத்தை அவள் அன்று முதல்முறையாகக் கேட்கவில்லை. போதும் என்றால் எல்லோரும் தட்டைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். முகாமின் முதல் நாளிலிருந்தே ஒரு தட்டு மட்டும் இழுக்காமல் டக் டக் என்று தட்டியது. அவள் மகன் தயாளன் வீட்டில் அப்படித்தான் தட்டுவான். வாயைத் திறந்து போதும்மா என்று சொல்லேன்டா, நான் என்ன செவிடா என்று அவள் திட்டுவாள், அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை தட்டுவான். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பசை தடவுகிற வேலையில் இருந்தான். ஒரு நாள் காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. கம்பெனி வாசலில் போய்க் கேட்டால், அவனை வேலையை விட்டு நிறுத்தி ஒரு மாசம் ஆகிறதே, உங்களுக்குத் தெரியாதா என்றார்கள். அந்த ஒரு மாசமும் அவன் தினமும் டிபன் பாக்ஸோடு எங்கே போய் உட்கார்ந்திருந்தான் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, ரயில்வே பிளாட்பாரம், பெங்களூர் கட்டட வேலைக்கு ஆள் ஏற்றுகிற லாரி நிற்கும் இடம் என்று அவள் போட்டோவோடு அலையாத இடம் பாக்கி இல்லை. அலைந்து, அலைந்து, ஒரு கட்டத்தில் தூக்கம் என்றால் என்ன என்றே மறந்து, யாரோ சொல்லித்தான் இந்தக் கொட்டாய்க்கு வந்தாள்.

இங்கே ஆசிரியையாக இருந்த சுமேதா அம்மா, கோலார் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், அவளை உட்கார வைத்து மூச்சைப் பார்க்கச் சொன்னார். மனசு ஆசை காட்டும், ஏமாற்றும், எது வந்தாலும் அசையாதே, வந்தது போய்விடும், பார்த்துக்கொண்டு மட்டும் இரு என்றார். பல மாசத்துக்குப் பிறகு பச்சையம்மாள் அன்று தூங்கினாள். தூங்கி எழுந்ததும், இனி எனக்குப் போக்கிடம் இதுதான் என்று சேவைக்கு நின்றுவிட்டாள். புத்தரிடம் எதையும் வேண்டிக்கொள்ளக் கூடாது, அவர் கொடுக்கிற சாமி இல்லை என்று அங்கே தெளிவாகச் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். அவள் காதில் அது ஏறவில்லை. நான் குனிந்த தலை நிமிராமல் சோறு போடுகிறேன், நீ என் புள்ளையைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று யாருக்கும் தெரியாமல் புத்தரோடு ஒரு பேச்சு வைத்துக்கொண்டாள்.

அதனால்தான் முதல் நாள் அந்த டக் டக் கேட்டபோது அவள் நிமிரவில்லை. மனசு ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டாள். தட்டைப் பிடித்திருந்த கட்டைவிரல் தெரிந்தது, பசை காய்ந்து மஞ்சளித்த நகம். ஆம்பூர்ப் பக்கம் பாதிப் பேர் நகம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல், போதும் என்று தட்டிய பிறகும் அரைக் கரண்டி கூடப் போட்டது. இரண்டாம் நாளும் அப்படியே, மூன்றாம் நாளும் அப்படியே. ஏழாம் நாள்தான் அவளால் முடியாமல் போயிற்று, நிமிர்ந்தாள், நிமிர்ந்தபோது ஆள் இல்லை. நிமிராமல் இருந்ததால் அவனைத் தொலைத்தேனா, நிமிர்ந்ததால் தொலைத்தேனா என்று இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு, அன்று மத்தியானம் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, மௌனம் என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள்.

போதி வனத்தில் ஒரு தட்டு ஆளில்லாமல் வருவதை நிலையம் எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், ஒரு வாரத்தில் பழகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். தியானக் கூடத்தில் மூன்றாம் வரிசை, தூணை ஒட்டிய திண்டில், ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்த பள்ளம் காலையும் மாலையும் தெரிந்தது. குழாயடியில் ஒரு குழாய் தானாகத் திறந்து, தட்டு தானாகக் கழுவிக்கொண்டு, அடுக்கில் தானாகப் போய்க் கவிழ்ந்தது. தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற பல பேருக்கு அந்த ஒழுக்கம் இல்லை என்று எத்திராஜ் பாராட்டினார். முகாம் முடிந்து மற்றவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அந்தப் பள்ளம் மட்டும் போகவில்லை. அடுத்த முகாமில் அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்காமல் ஒரு திண்டை விட்டு வைத்தார்கள். ஊர்க்காரர்கள் தேங்காயும் கற்பூரமுமாக வந்து குழாய்க்கு மஞ்சள் துணி கட்டப் பார்த்தார்கள், எத்திராஜ் துடைப்பத்தோடு விரட்டினார், தேங்காயை மட்டும் சட்னிக்கு வாங்கி வைத்துக்கொண்டார்.

முகாமுக்கு வந்தவர்களின் பெயரை எழுதிய சேவகர், தட்டு ஆளில்லாமல் வந்த அன்றே விஷயத்தைச் சொல்லிவிட்டார். மூன்றாம் வரிசைத் தூணோரம் உட்கார்ந்த பையன் தன் பெயரை மாதேஷ் என்றும் ஊரைக் கிருஷ்ணகிரிப் பக்கம் என்றும் சொன்னானாம். பச்சையம்மாள் அதைத் தூக்கி எறிந்துவிட்டாள். ஊட்டை விட்டு ஓடின புள்ள சொந்தப் பேரையா சொல்லும் என்று கேட்டாள். முகாமுக்கும் முகாமுக்கும் நடுவே, பேச அனுமதி உள்ள நாட்களில், அவள் கூடத்துக்குள் போய் அந்தத் திண்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு மணிக்கணக்கில் கூப்பிட்டாள்.

“தயாளு, அம்மாடா. நிமிந்துட்டேன்டா. பாரு, நிமிந்துதான் ஒக்காந்துங்கீறேன். ஒரு வார்த்த சொல்லுடா.”

பள்ளம் அசையும், சில சமயம் எழுந்துகூடப் போகும், சத்தம் மட்டும் வராது.

செய்தி பஸ் ஏறிப் போயிற்று. முதலில் வந்தவள் பேரணாம்பட்டிலிருந்து ஹபீபா. மகன் சாதிக் மூன்று வருஷமாகக் காணவில்லை, அவனும் ஷூ கம்பெனி. பரிமாறும் மேசை ஓரத்தில் ஒரு வேளை நின்று, அந்த டக் டக்கைக் கேட்டாள். எம் புள்ளையும் இப்படித்தான் தட்டுவான் என்றாள். அவளுக்குப் பின்னால் வாணியம்பாடியிலிருந்து ஒருத்தி, குடியாத்தத்திலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர், பிறகு யார் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்ல முடியாதபடி, சாயங்கால பஸ்ஸில் ஒரு தாயாவது இறங்காத நாள் இல்லை என்று ஆயிற்று. எல்லோருடைய மகனும் தட்டில் இரண்டு தட்டுத் தட்டினான், எல்லோருடைய மகனும் ரசத்தை முதலில் கேட்டான், எல்லோருடைய மகனும் ஒரு காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனான்.

வந்தவர்கள் சும்மா உட்காரவில்லை. நிலையத்தில் தங்க வேண்டுமென்றால் தியானம் செய்ய வேண்டும் அல்லது சேவை செய்ய வேண்டும், கண்ணை மூடுகிற பொறுமை அவர்களில் யாருக்கும் இல்லை. அதனால் காய் நறுக்க ஆள் கிடைக்காமல் தவித்த போதி வனத்தில் ஆளுக்கொரு கத்தரிக்காய்கூட எட்டாத அளவுக்குச் சேவகிகள் நிறைந்தார்கள். கூடம் ஒரு நாளைக்கு நாலு தடவை பெருக்கப்பட்டது, திண்டுகளின் உறைகள் கிழியக் கிழியத் துவைக்கப்பட்டன. மதியம் அந்தத் தட்டு வரும்போது யார் சோறு போடுவது, யார் ரசம் ஊற்றுவது என்று தள்ளுமுள்ளு ஆகி, கடைசியில் முறை வைத்துக்கொண்டார்கள். சோறு போடுகிறவள் தன் மகன் பெயரை முணுமுணுத்துக்கொண்டே போடுவாள். தட்டு யார் போட்டாலும் வாங்கிக்கொண்டது, யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் டக் டக் என்றது. வாங்கிக்கொண்டதே, அப்போ என் புள்ளதான் என்று அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்குவாள், மறுநாள் அந்த நிம்மதி இன்னொருத்தி முறைக்குப் போய்விடும்.

பச்சையம்மாளால் இதைத் தாங்க முடியவில்லை. தன் முறை வராத நாட்களில் அவள் மற்றவர்களை விரோதிகளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டதில் தன் பிள்ளை தனக்குக் கரண்டி அளவாகச் சுருங்கிவிட்டான் என்று நினைத்தாள். அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும், அது அவன்தானா இல்லையா. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருக்கிறது என்று ஒரு நாள் சுமேதா அம்மாவிடம் போய்ச் சொன்னாள். ஆறு நாள் யாரும் பாக்காம இருந்ததாலதான அவன் அப்டிப் பூட்டான், என்னையும் ஆறு நாள் யாரும் பாக்காதீங்க, அவன் இருக்கிற இடத்துக்கு நான் போய்ப் பாத்துட்டு வரேன் என்றாள்.

சுமேதா அம்மா வேண்டாம் என்றார், போகிற வழி தெரிகிறது, வருகிற வழி யாருக்குத் தெரியும் என்றார். பச்சையம்மாள் விடவில்லை. சுமேதா அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் உன்னை மூச்சைப் பாருன்னு சொன்னேன். மகனைப் பாக்காதேன்னா சொன்னேன்?”

சொன்ன வேகத்தில் அவரே வாயை மூடிக்கொண்டார். தட்டைப் பார், முகத்தைப் பார்க்காதே என்று ஒவ்வொரு முகாமுக்கும் முன்னால் சேவகர்களை நிற்க வைத்துச் சொல்வது அவர்தான். ஆயிரம் பேருக்கு அமைதி சொல்லிக்கொடுத்த அந்த அம்மாள் அன்றைக்கு அழுதார். பச்சையம்மாள் அந்த அழுகையைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுத்த முகாமில் ஒரு திண்டைப் பிடித்து உட்கார்ந்தாள்.

முந்தின நாள் தாய்மார்கள் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள், பார்க்க மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள், செய்துவிட்டு ஆளுக்கொரு சேதி கொடுத்தார்கள். எம் புள்ளையா இருந்தா சொல்லு, அப்பா கோவம் தணிஞ்சிடுச்சின்னு. எம் புள்ளையா இருந்தா சொல்லு, அந்தப் பொண்ணையே கட்டிக்கட்டும்னு. வேலை போனா போவுது, ஆடு ரெண்டு வாங்கி வெச்சிருக்கேன்னு. ஹபீபா மட்டும் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, வூட்டுக் கதவுக்கு மூணு வருஷமா தாழ்ப்பா போடலன்னு சொல்லுங்க, வேற ஒண்ணும் வேணாம் என்றாள். பச்சையம்மாள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டாள், அவளிடமும் ஒரு சேதி இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பார்க்கப்படாமல் இருப்பது இத்தனை கஷ்டம் என்று அவள் நினைத்ததில்லை. இரண்டாம் நாளே கை கால் மரத்துப்போன மாதிரி இருந்தது. நாலாம் நாள் வாசலில் படுத்திருந்த நாய் அவள் தாண்டிப் போனபோது காதைக்கூட ஆட்டவில்லை. ஏழாம் நாள் மதியம் வரிசையில் நின்றாள். மேசைக்குப் பின்னால் நின்ற தாய்மார்கள் எல்லோரும், பார்க்கக் கூடாது என்ற கெடு முடிந்த ஆவலில், ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தி அவள் முகத்தை நேராகப் பார்த்தார்கள். அத்தனை கண்ணும் அவளைத் தாண்டிப் போயின. ஹபீபா ஊற்றிய ரசம் கட்டைவிரலில் பட்டுச் சுட்டது, ஸ்ஸ் என்றாள், அந்தச் சத்தமும் யாருக்கும் கேட்கவில்லை.

அப்போதுதான் முன்னால் நின்றவனைக் கவனித்தாள். நீலச் சட்டை, ஒடுங்கின தோள். பின்கழுத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை தடவை எண்ணெய் தேய்த்த கழுத்து, எத்தனை தடவை அடித்துவிட்டுத் தடவிக் கொடுத்த கழுத்து, அது இது இல்லை. அவன் திரும்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஆனாலும் அவன் திரும்பினான், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயசு இருக்கும், கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிசாக. அவளைப் பார்த்ததும் தட்டைக் கீழே போட்டுவிடப் பார்த்தான்.

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் படுக்கப் போன பிறகு, குழாயடி வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவன்தான் முதலில் பேசினான்.

“நீங்க வந்து கூப்டப்பல்லாம் நான் அவன் இல்லம்மான்னு சொல்லிட்டேதான் இருந்தேன். உங்களுக்குக் கேக்கல.”

“நீ யாரு புள்ள?”

“யாரு புள்ளையும் இல்ல. ஹாஸ்டல்ல வளந்தேன்.”

பெயர் மாதேஷ், கிருஷ்ணகிரிப் பக்கம், முதல் நாள் சொன்னது அத்தனையும் உண்மை. ஷூ கம்பெனியில் வேலை போன பிறகு, காசு கேட்காமல் பத்து நாள் சோறு போடுகிற இடம், யார் என்ன என்று யாரும் கேட்காத இடம் என்று கேள்விப்பட்டு வந்தவன். அந்த டக் டக்கை அவள் கேட்டாள். அவனுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். கம்பெனி கேன்டீனில் மிஷின் சத்தத்தில் பேச்சு காதில் விழாது, அதனால் போதும் என்றால் எல்லோரும் அப்படித்தான் தட்டுவார்கள், ஷிப்டுக்கு முந்நூறு பேரும் அப்படித்தான் என்றான். எந்த அடையாளத்தை அவள் தன் மகனுடையது என்று இரண்டு வருஷமாக நெஞ்சில் பொத்தி வைத்திருந்தாளோ, அது ஒரு கம்பெனிக்கே பொதுவான அடையாளமாக இருந்தது. மேசைக்குப் பின்னால் கரண்டியோடு நிற்கிற அத்தனை பெண்களும் சொன்னது பொய் இல்லை என்பது அவளுக்கு அப்போது விளங்கியது.

முகாம் முடிஞ்சதும் ஏன் போவல என்று கேட்டாள்.

“எங்க போறது? போதும்னு தட்டின பிறகும் நீங்க அரைக் கரண்டி கூடப் போட்டீங்க. அதுக்கு முன்னாடி யாரும் அப்டிப் போட்டதில்ல.”

பச்சையம்மாளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்த அரைக் கரண்டி தயாளனுடையது, இவன் யார் அதை வாங்கித் தின்ன என்று ஒரு நிமிஷம் அவனை அடிக்கத் தோன்றியது. பிறகு அவனுடைய கன்னத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள், அவனுக்கு நினைவு தெரிந்து அத்தனை நேரம் அவனை யாரும் பார்த்ததில்லை. மனப்பாடம் செய்து கொண்டுவந்த சேதிகளைத் திருப்பி எடுத்துப் போகவும் முடியாது, கொட்டவும் வேறு இடம் இல்லை. ஒவ்வொன்றாக அவனிடமே சொன்னாள். அப்பா கோவம் தணிஞ்சிடுச்சாம். அந்தப் பொண்ணையே கட்டிக்கலாமாம். ஆடு ரெண்டு வாங்கி வெச்சிருக்காங்களாம். கதவுக்குத் தாழ்ப்பா போடலியாம். மாதேஷ் எல்லாவற்றையும் தனக்கே வந்தது போலக் கேட்டான், கேட்கக் கேட்கக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கடைசியாகத் தன் சேதியையும் சொன்னாள். வேல போனத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்டா, நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்டா என்றாள்.

மறுநாள் வரிசையில் அவன் முன்னால் நின்றான், அவள் பின்னால் நின்றாள். தட்டை நீட்டினான். அன்றைக்குச் சோற்று முறை ஹபீபாவுடையது. சாதிக் என்று முணுமுணுத்துக்கொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தட்டுக்கு மேலே நீலச் சட்டை இருந்தது, சட்டைக்கு மேலே அழுது வீங்கிய ஒரு முகம் இருந்தது. மற்ற தாய்மார்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள், ஒவ்வொருத்தியாகக் கிட்டே வந்து பார்த்தார்கள், ஒவ்வொருத்தியாகப் பின்வாங்கினார்கள். முகத்தைப் பார்ப்பதற்கு இத்தனை நாள் காத்திருந்தவர்களுக்கு அதைப் பார்த்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஹபீபா மட்டும் கரண்டியைக் கீழே வைக்காமல் அவன் தட்டில் சோறு போட்டாள்.

அந்தப் பக்கம் போன யாரோ ஒருவர் பார்த்துவிட்டால், பார்க்கப்பட்டவர் திரும்பி வந்துவிடலாம், அவ்வளவுதான் வழி. பச்சையம்மாள் அவனைப் பார்த்துவிட்டாள், அவன் வந்துவிட்டான். அவளைப் பார்த்த ஒரே கண் அவனுடையது, அவள் வருவதற்குள் அவன் இந்தப் பக்கம் வந்துவிட்டதால் அந்தக் கண்ணுக்கும் அவள் தெரியாமல் போய்விட்டாள். இங்கதாங்க நிக்கறாங்க, எனக்குப் பின்னாடி நிக்கறாங்க என்று மாதேஷ் கத்தினான், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தட்டு நெஞ்சு உயரத்தில் காத்துக்கொண்டிருந்தது.

தாய்மார்கள் வந்த பஸ்ஸிலேயே ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஹபீபா போகும்போது வாசலில் நின்று, வெறும் வெளியைப் பார்த்துக் கும்பிட்டாள், எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் கும்பிட்டாள். சுமேதா அம்மா சட்டத்தை மாற்றினார், முதலில் முகத்தைப் பார், பிறகு தட்டைப் பார் என்று சுவரில் எழுதி வைத்தார். நல்ல சட்டம்தான், ஆனால் பச்சையம்மாளுக்கு அதுவே பூட்டாகிவிட்டது. மாதேஷ் ஆறு நாள் மறைந்திருந்து அவளைக் கூட்டி வர எத்தனையோ பாடுபட்டான், மூலையில் உட்கார்ந்தான், முகத்தைத் துண்டால் மூடினான், யாராவது ஒருவர் அவனை நிமிர்ந்து பார்த்து, சாப்பிட்டியாப்பா என்று கேட்டுவிடுகிறார்கள். பார்க்காமல் இருக்க இப்போது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பச்சையம்மாள் மூன்றாம் வரிசையில் தூணோரம் உட்கார்ந்தாள், மூச்சைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தயாளன் வந்தால் என்ன ஆகும் என்ற நினைப்புத்தான் அவளைக் கொன்றது. ஒரு நாள் அவன் வருவான், வரிசையில் நிற்பான், நிமிர்ந்த முகங்களில் அம்மாவைத் தேடுவான், இருக்கிற எல்லா முகமும் தெரியும், அவள் முகம் மட்டும் தெரியாது. அவள் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் அவனுக்குக் கேட்காது. சோறு வாங்கித் தின்றுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விடுவான்.

மாதேஷ் வேறெங்கும் போகவில்லை. அவளுடைய அன்னக்கரண்டியை எடுத்துக்கொண்டு அவள் நின்ற இடத்தில் நின்றான். மௌனம் என்றும் பார்க்காமல், வரிசையில் வருகிற ஒவ்வொரு வாலிபனையும் நிமிர்ந்து பார்த்து, சோறு போடுவதற்கு முன்னால் தணிந்த குரலில் ஒன்று கேட்டான். நிலையத்தில் அதை யாரும் தடுக்கவில்லை, எத்திராஜ் அந்த நேரத்தில் சாம்பார் வாளியை ஆட்டாமல் பிடித்துக்கொள்வார். அந்த ஆளில்லாத தட்டு, தன் முறை வந்தாலும் முன்னால் வராமல், மேசை ஓரமாக ஒதுங்கி, ஒவ்வொரு தடவையும் காத்து நிற்கும்.

“அண்ணா, உங்க அம்மா பேரு பச்சையம்மாளா?”

“இல்லயே.”

வரிசை நகர்கிறது. அடுத்தவன் வருகிறான், கேள்வி வருகிறது, இல்லை வருகிறது. எல்லோரும் வாங்கி முடித்த பிறகு அந்தத் தட்டு முன்னால் வரும், மாதேஷ் முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து, இன்னிக்கும் வரலம்மா என்று சொல்லிவிட்டுச் சோறு போடுவான். ஒரு கரண்டி போடுவான், இன்னொரு கரண்டி போடுவான், அதற்கு மேல் அரைக் கரண்டியும் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். தட்டிலிருந்து ஒரு சத்தமும் வராது, அது நீட்டியபடியே நிற்கும்.